த்ரபானியில் ஒரு மொட்டை

முடிவெட்டுகிறவர் அழுகிறார் என்பது எனக்குக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் தங்கையின் மகள், மூன்று வயது மதி. எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே கறுப்புத் துணியால் போர்த்தியிருந்தார்கள். அவள் தலையில் வலது பாதி மழித்தாகிவிட்டது. இடது பாதியில் சுருட்டை முடி அப்படியே இருந்தது. திடீரென்று மிஷின் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், முடிவெட்டுகிற நீனோ மிஷினை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். எழுபது வயது இருக்கும். கண்ணீர் வழிந்து மீசைக்கு வந்துவிட்டது.

பின்னால் பெஞ்சில் மூன்று பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கடை முழுக்க எலுமிச்சை சோப்பு வாசனை. வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருந்ததை இன்னொருவர் எழுந்து போய் நிறுத்தினார்.

என் தங்கை செல்வி தரையில் குந்தியபடி, விழுகிற முடியை ஒரு மஞ்சள் துணியில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே நடப்பது எதையும் அவள் கவனிக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்டக்டராகவே காலம் தள்ளியவனுக்கு அந்த நினைப்பு அவ்வளவு சுலபமாக வராது.

இரண்டு விசில்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் கேட்டிருந்தார். அப்பா அம்மாவின் உப்பள வேலை வந்துவிட்டது, உங்கள் பஸ் வந்துவிட்டது, டெப்போ சண்டைகள்கூட வந்துவிட்டன, முதல் வாரத்தில் ஒரு தங்கை இருப்பதாகச் சொன்னீர்களே, அவர் எங்கே என்று. நியாயமான கேள்வி. எழுதாமல் விட்டதற்கு மறதி காரணம் இல்லை.

எனக்கும் செல்விக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் நான்தான். அதனால் அவள் மேல் எனக்கு முழு உரிமை இருப்பதாக ஒரு எண்ணம். அவள் அனுமந்தைக் கடற்கரைப் பையன் ஏழுமலையைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது நான் குதித்த குதி கொஞ்சநஞ்சமில்லை.

உப்பளக் கூலிக் குடும்பத்தில் முதல் காக்கிச் சட்டை என்னுடையது. அது தலைக்கேறியிருந்தது. மீன் பிடிக்கிறவன் வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று கத்தினேன். அவர்கள் எங்களைவிட எதில் குறைச்சல் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. நான் போகவில்லை.

அவளுக்கு முதல் பெண், யாழினி, பிறந்து பதினோராவது மாதம் நடக்கும்போது ஒருநாள் செல்வி மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வீட்டுக்கு வந்தால் கதவு திறக்காது என்று தெரிந்துதான் பஸ்ஸுக்கு வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை வைத்த தட்டு. அதை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழம புள்ளைக்குக் காது குத்து. அனுமந்தை கோயில்ல. நீதான் மடி குடுக்கணும். கோவத்த எம்மேல வெச்சிக்கோ. புள்ள இன்னா பண்ணுச்சி?"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். சொந்தத்தில் நூறு பேர் இருக்கலாம், அந்த மடிக்கு வேறு மடி கிடையாது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டை வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். "பாக்கலாம்" என்றேன். பிறகு இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

வாங்கியதுதான் தப்பு. வாங்காமல் இருந்திருந்தால் அவள் அப்போதே மனதைத் தேற்றிக்கொண்டு வேறு ஏற்பாடு செய்திருப்பாள். தாம்பூலத்தைக் கைநீட்டி வாங்கியவன் வருவான் என்று நம்பினாள்.

அந்த ஞாயிறு எனக்கு வார ஓய்வு. மரக்காணத்திலிருந்து அனுமந்தைக்குப் பஸ்ஸில் அரை மணிகூட ஆகாது. நான் வீட்டில் உட்கார்ந்து ஒரே பேப்பரை மூன்று தடவை படித்தேன். என் மனைவி கலா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கெளம்புங்க, இப்பப் போனாக்கூட போய்ச் சேந்துடலாம்" என்று நாலு தடவை சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு மேல் புடவையை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள்.

அங்கே காது குத்த வந்த ஆசாரி மதியம் இரண்டு மணிவரை காத்திருந்தாராம். ஏழுமலையின் சித்தப்பா ஒருவர், "நான் உக்கார்றம்மா, நேரம் போவுது" என்றிருக்கிறார். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. தானே மணையில் உட்கார்ந்து, தன் மடியிலேயே குழந்தையை வைத்து, குத்துங்க என்றாளாம். இதை எனக்குச் சொன்னது அந்த ஆசாரிதான், அடுத்த வாரம், என் பஸ்ஸிலேயே. டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அம்மா செத்தபோது வந்தாள். பதினாறாம் நாள்வரை இருந்தாள், சமைத்தாள், துவைத்தாள். என்னைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

ஒற்றைப்படை வயது

ஏழுமலை கொஞ்சகாலம் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். அங்கே பழக்கமான ஒருவர் மூலமாக இத்தாலிக்குப் போனான். சிசிலித் தீவின் மேற்கு மூலையில் த்ரபானி என்று ஒரு ஊர். அங்கேயும் மீன்பிடிப் படகுதான். மூன்று வருஷம் கழித்து மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொண்டான். மதி அங்கே பிறந்தவள்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன சமயம், என் போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"சின்னவளுக்கு மூணு முடியப் போவுது. ஒத்தப்பட வயசுலதான் குத்தணும். நாலு பொறந்துட்டா அப்பறம் அஞ்சு வரைக்கும் நிக்கணும். இங்க எங்க பேப்பர் ரினிவலுக்குப் போயிருக்குது, வர்ற வரைக்கும் நாங்க ஊருக்கு வர முடியாது. நீ வர்றியா இல்லியான்னு சொல்லிடு. இந்தத் தடவ நான் காத்துட்டிருக்க மாட்டேன்."

கலா அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மறுநாள் காலையில் அவளே பாஸ்போர்ட் ஆபீசுக்கு எந்த பஸ் என்று என்னிடம் கேட்டாள். எந்த பஸ் என்று எனக்குத் தெரியாதா? போனேன்.

பெட்டியைக் கட்டியதும் கலாதான். மதிக்குப் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, கண்ணாடி வளையல், தங்கத் தோடு. ஏழுமலைக்கு வேட்டி, செல்விக்குப் புடவை. எல்லாவற்றையும் அடுக்கிவைக்க ஒரு பித்தளைத் தாம்பாளம். விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அந்தத் தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாய்மாமன் சீரும்மா" என்றேன். அவர் வடக்கத்திப் பெண், புரிந்திருக்காது. ஆனாலும் விட்டுவிட்டார்.

கண்டக்டர் இல்லாத பஸ்

பலேர்மோ விமான நிலையத்திலிருந்து த்ரபானிக்குப் பஸ். கண்டக்டர் கிடையாது. டிரைவரே சீட்டைப் பார்த்துக்கொள்கிறார். யாரும் படியில் நிற்கவில்லை, யாரும் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் எனக்குக் கை பரபரவென்று இருந்தது.

த்ரபானி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். அரிவாள் மாதிரி வளைந்து மெலிந்துகொண்டே போய் நுனியில் ஒரு பழைய கோபுரத்தோடு முடிகிறது. பழைய ஊரில் தெருவின் இந்த முனையிலும் கடல் தெரியும், அந்த முனையிலும் தெரியும். வீடுகள் எல்லாம் மஞ்சள் கல். யார் யாரோ ராஜாக்கள் வந்து ஆண்டுவிட்டுப் போன ஊர் என்றான் ஏழுமலை. ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிப்போய், ஆளுயர மரச் சிலைகளைக் காட்டினான். புனித வெள்ளிக்கு அவற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்களாம். ஒவ்வொரு சிலைக்கும் ஒரு தொழில்காரர்கள், பரம்பரை பரம்பரையாக அவர்கள்தான் தூக்குவார்களாம். யாருக்கு எந்தச் சிலை என்பதில் தகராறு வருமா என்று கேட்டேன். வராமலா இருக்கும் என்றான்.

சாப்பாட்டில் குறையில்லை. கோதுமையை ரவை போல உருட்டி ஆவியில் வேகவைத்து மீன் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். உப்புமாவில் மீன் குழம்பா என்று முதல் நாள் யோசித்தேன். இரண்டாம் நாள் யோசிக்கவில்லை.

செல்வி வீட்டில் எனக்கு நல்ல மெத்தை, நல்ல சோறு, ஒரு வார்த்தை மட்டும் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவள் புருஷனைப் பார்த்துச் சொல்வாள்: "ஏங்க, உங்க மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமான்னு கேளுங்க."

"மச்சான், சோறு வெக்கட்டுமா?"

"போதும்னு சொல்லுப்பா."

"போதுமாம்."

"ரெண்டாவது தடவ கொழம்பு ஊத்தறப்ப கேட்டா வேணும்னுவாரு. அப்படித்தான், எப்பவும் மொதல்ல போதும்பாரு."

ஏழுமலை அதையும் என்னிடம் திருப்பிச் சொல்வான். நல்ல பையன். அவனை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருந்தது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம்

இத்தாலிக்குப் போய்வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான். அங்கே உப்பளம் இருக்கிறதாமே, பார்த்தீர்களா?

பார்த்தேன். ஊரைவிட்டுக் கொஞ்சதூரம் போனால் கண்ணுக்கெட்டியவரை பாத்திதான். நடுநடுவே கல்லால் கட்டிய காற்றாலைகள். போன வருஷத்து உப்பைக் குவித்து, கூரை ஓடுகளை அடுக்கி மூடி வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஓலையும் தார்ப்பாயும் போடுவோம், இவர்கள் வீட்டுக்குப் போடுவதைப் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வரவில்லை. நான் உப்பு வாரியிருக்கிறேன். உப்பளத்திலிருந்து தப்பிக்கத்தான் கண்டக்டர் வேலைக்கே போனேன். அதைப் பார்க்க விமானம் ஏறுவானா ஒருவன்?

ஆனால் அங்கே நின்றபோது ஒன்று நினைவுக்கு வந்தது. என் காதுகுத்து. எனக்கு அப்போது ஐந்து வயது, அதனால் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. என் மாமன் கந்தாடு பக்கம் ஒரு உப்பளத்தில் வேலை பார்த்தார். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. பாதி வேலையில் கிளம்பி, குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராக வந்து மணையில் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. அவர் மடியில் உட்கார்ந்ததும் என் தொடையெல்லாம் அரித்தது. ஊசி இறங்கியபோது அவர் கையைக் கடித்துவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. காது குத்தி முடிந்ததும் ஒரு வாய் பாயசம்கூடக் குடிக்காமல் மறுபடி வேலைக்கு ஓடினார்.

லீவு கிடைக்காதவர் வந்தார். லீவில் இருந்த நான் போகவில்லை. இதற்கு மேல் உப்பளத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நீனோ கடை

நல்ல நேரம் பார்த்தது கலா. அங்கே சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று ஏழுமலையிடம் கேட்டுக் கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு மேல் என்று போனில் உத்தரவு போட்டாள். ராகுகாலம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏழுமலை கூட வந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வதாக ஏற்பாடு. காலையில் படகிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், போய்விட்டான். யாழினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஒரு மணிக்கு விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். செல்விக்கு இத்தாலி மொழி கடைகண்ணிக்குப் போதுமான அளவுதான் வரும். எனக்கு அதுவும் இல்லை.

நீனோ கடையில் செல்வி மதியைக் காட்டி, தலையைக் காட்டி, எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று கையால் வழித்துக் காட்டினாள். நீனோ முதலில் சிரித்தார். நுனியை மட்டும் வெட்டுகிறேன், இவ்வளவு அழகான முடி என்பது போல விரலில் சுருட்டிக் காட்டினார். செல்வி மறுபடி வழித்துக் காட்டினாள். அவர் முகம் மாறியது. நான் நாற்காலியில் ஏறி, மதியை மடியில் வைத்து, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். செல்வி மஞ்சள் துணியை விரித்து, முதல் கற்றை கீழே விழுமுன் கையில் ஏந்தினாள். அந்த முடியை நான் அனுமந்தைக்குக் கொண்டுபோய்க் குலதெய்வக் கோயிலில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் அந்த மனிதர் நின்ற இடத்திலிருந்து பாருங்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை. தலையை முழுக்க மழிக்கச் சொல்கிறார்கள். இறுகிய முகத்தோடு ஒரு கிழவன் அதை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறான். விழுகிற ஒவ்வொரு முடியையும் தாய் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்கிறாள். அந்த ஊரில் குழந்தையின் தலையை மழிப்பது எதற்காக? பெரிய வியாதிக்காரப் பிள்ளைகளுக்குத்தான்.

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. நீனோ குனிந்து மதியின் மழித்த பாதித் தலையில் முத்தம் கொடுத்து, சிலுவைக் குறி போட்டார். செல்வி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டு பதறி எழுந்தாள். "இல்லை, இல்லை, இது பண்டிகை, நாங்கள் கொண்டாடுகிறோம்" என்று தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். நீனோ அதைக் கேட்டு இன்னும் அழுதார். குழந்தையின் கடைசி ஆசைக்கு விருந்து வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

மொட்டைமேல் மொட்டை

வியாதி இல்லை என்று எப்படிக் காட்டுவது? எனக்கு ஒரு யோசனை வந்தது. என் ஆயுளில் வந்த மோசமான யோசனைகளில் அதற்கு நல்ல இடம் உண்டு.

எனக்கும் மொட்டையடித்துவிட்டால் என்ன? நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், ஒரு வியாதியும் கிடையாது. இது எங்கள் வீட்டு வழக்கம், பெரியவர்களும் அடித்துக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் ஓய்வு பெற்ற பிறகும் தலைக்கு மை பூசுவதை விடாதவன், சீப்பில்லாமல் வெளியே போகாதவன். ஆனாலும் அந்த நிமிஷம் முடி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மதியின் தலை முடிந்ததும் அவளை மடியில் வைத்தபடியே என் தலையைத் தொட்டு, முன்னாலிருந்து பின்னால்வரை வழித்துக் காட்டினேன்.

நீனோ என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண்ணீர் என் கன்னத்தில் பட்டது.

வியாதிக்காரக் குழந்தைக்குத் துணையாக வீட்டுப் பெரியவர்கள் மொட்டையடித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் மொட்டை முடிவதற்குள் தொப்பியைக் கழற்றியவர் எழுந்துவிட்டார். துறைமுகத்தில் மீன் விற்கிறவர், அடர்த்தியான கறுப்பு முடி. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் தலையைக் காட்டி, எடுத்துவிடு என்றார். நீனோ மறுபேச்சுப் பேசாமல் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு இழுப்பு இழுத்தார். நடுத்தலையில் ஒரு பாதை விழுந்தது. பெஞ்சில் மீதி இருந்த இரண்டு பேரும் வரிசையில் எழுந்து நின்றார்கள்.

செல்வி என்னைப் பார்த்தாள். என் பளபளத்த தலையைப் பார்த்தாள். மீன்காரரைப் பார்த்தாள். நிற்கிற இரண்டு பேரையும் பார்த்தாள். மஞ்சள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை.

"அய்யோ அண்ணா! அவங்கள நிறுத்துண்ணா! ஊரே மொட்ட அடிச்சிக்கப் போவுது!"

சிரித்துச் சிரித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த "அண்ணா" காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் விழவில்லை. இரண்டு கையையும் நீட்டி, ஓடுகிற பஸ்ஸை மறிப்பது போல அந்த இரண்டு பேரையும் மறித்தேன்.

அந்த நேரத்தில்தான் யாழினி பள்ளிப் பையோடு உள்ளே வந்தாள். பதினோரு வயது, ஒல்லி, அம்மாவின் அதே நேர்ப் பார்வை. ஒரு கணம் எல்லாத் தலைகளையும் பார்த்தாள். பிறகு பையை இறக்கிவைத்து, ஒரு நிமிஷத்தில், அந்த ஊர்க்காரியைப் போலவே கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் விளக்கினாள்.

நீனோ கத்த ஆரம்பித்தார். திட்டினார், சிரித்தார், மதியைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தார், மறுபடி எங்களைத் திட்டினார். மீன்காரர் கண்ணாடியில் தன் நடுப்பாதையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றேன்.

"அவரு பொண்டாட்டிகிட்ட நாமளே வந்து சொல்லணுமாம், மாமா."

நீனோ யாழினியின் காதைத் தொட்டு, என்னைக் காட்டி, ஒரு கேள்வி கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டி, சுருக்கமாகப் பதில் சொன்னாள். நீனோ என்னைப் பார்த்தார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கடைசி மணை

காது குத்துவது எதிர்வரிசையில், பவழமும் தங்கமும் விற்கிற கடையில். மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்ததை நீனோவே போய்த் தட்டித் திறக்க வைத்தார். கடைக்கார அம்மா வாயில் ரொட்டியோடு வந்தார். மதி உயரமான ஸ்டூலில் தனியாக உட்கார வேண்டும் என்றார். நீனோ என் சார்பில் அவரோடு சண்டை போட்டு, என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். அங்கே ஊசி கிடையாது, துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. நான் கொண்டுபோன தோட்டையும் அதில் போட முடியாதாம், ஆறு வாரம் கழித்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த தாம்பாளத்திலிருந்து தோட்டை எடுத்து, மதியின் இரண்டு காதிலும் ஒரு தடவை தொட்டுக் கொடுத்தேன். அது போதும் என்றாள் செல்வி.

"கெட்டியாப் புடிச்சிக்கண்ணா, திமிறுவா."

பிடித்துக்கொண்டேன். இரண்டு சத்தம். மதி இரண்டாவது சத்தத்துக்குத்தான் அழுதாள். என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். அவளுடைய மொட்டைத் தலை என் தாடைக்குக் கீழே சூடாக இருந்தது. செல்வி எனக்கும் மதிக்கும் சேர்த்து நெற்றியில் சந்தனம் வைத்தாள். அவள் விரல் என் நெற்றியில் பட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைவிட்டேன். மதியை இறக்கிவிட்டதும் மடி காலியாக இருந்தது. யாழினி தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் தொடையைத் தட்டிக் காட்டினேன்.

"நீயும் வாம்மா. மாமா மடியில ஒரு நிமிசம் உக்காந்து எழுந்துடு. உனக்கும் சந்தனம் வெச்சிடலாம்."

செல்வியின் கை சந்தனக் கிண்ணத்திலேயே நின்றது. அவள் மகளை வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

யாழினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, மரியாதையான சிரிப்பு. அதில் கோபம் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் அவள் காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

"வேணாம் மாமா," என்றாள். "எனக்கு எங்க அம்மா மடியிலயே ஆயிடுச்சி."